அளவும் நியாயமும்

"ஆற்றில் போட்டாலும் அளந்து போடு" என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். நெல்லை அளக்கிறோம், நிலத்தை அளக்கிறோம், துணியை அளக்கிறோம். மனிதனை அளக்கலாமா? அளந்தால், அந்த அளவைக் கையில் வைத்துக்கொண்டு அவனைப் பற்றி எவ்வளவு தூரம் பேசலாம்?

இது ஏதோ வேதாந்த விசாரணை என்று நினைத்துப் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். இந்தக் கேள்வி எனக்கு எழுந்த இடம் ஆசிரமமும் அல்ல, சொற்பொழிவு மண்டபமும் அல்ல. ஒரு கல்லூரி மைதானத்தின் ஓரத்தில், தகரக் கூரை போட்ட ஓர் அறையில், பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தியின் இடுப்பு மூட்டை அளந்துகொண்டிருந்தபோது எழுந்தது.

என் நண்பர் ஒருவர், உடற்பயிற்சி ஆசிரியராக முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலே உலகத்தைப் பற்றியெல்லாம் எழுதுகிறீர்களே, ஒரு நாள் காலையில் என்னோடு வாருங்கள்" என்று அழைத்துக்கொண்டு போனார். அந்தக் கல்லூரியில் ஓடுகிற, தாண்டுகிற மாணவ மாணவிகளில் பத்துப் பேருக்கு விளையாட்டு விடுதியில் இடம் கொடுப்பதாக இருந்தார்கள். தங்க இடம், இரண்டு வேளைப் பயிற்சி, வயிறு நிறையச் சாப்பாடு. கேட்டவர்கள் இருபத்து மூன்று பேர். ஓட விட்டுப் பார்த்தாயிற்று. தாண்ட விட்டும் பார்த்தாயிற்று. ஏறக்குறைய ஒரே தரத்தில் நின்றவர்களைப் பிரித்தெடுப்பதற்காக, அன்றைக்கு இடுப்பு மூட்டின் நெகிழ்ச்சியை அளக்க ஏற்பாடு செய்திருந்தார்கள்.

"ஓடுகிறவனுக்குக் கால்தானே முக்கியம்? இடுப்பை எதற்கு அளக்க வேண்டும்?" என்று நான் கேட்டேன்.

நண்பர் சிரித்தார். "ஓட்டம் காலில் இல்லை, இடுப்பில் இருக்கிறது" என்றார்.

அவர் விளக்கிச் சொன்ன பிறகு அந்த மூட்டின் மேல் எனக்கு ஒரு மரியாதையே ஏற்பட்டுவிட்டது. நம் உடம்பில் மிகப் பெரிய பந்துக்கிண்ண மூட்டு அதுதான். தொடை எலும்பின் உருண்டைத் தலை, இடுப்பெலும்பின் கிண்ணத்துக்குள் அடக்கமாக உட்கார்ந்திருக்கிறது. தோள் மூட்டு அதைவிடத் தாராளமாகச் சுழலும். ஆனால் தோளுக்கு உடம்பைத் தாங்குகிற பொறுப்பு இல்லை. இடுப்பு மூட்டோ, சுமக்கவும் வேண்டும், அசையவும் வேண்டும். நம் குடும்பஸ்தர்களைப் போல. முழங்காலை மடக்கித் தொடையை நெஞ்சுப் பக்கம் கொண்டுவந்தால் ஏறக்குறைய 120 பாகை வரும். பின்னால் நீட்டினால் 20 பாகைக்குப் பக்கத்தில் நின்றுவிடும். அந்தப் பின்னோட்டம் குறைந்தால், ஓடும்போது எட்டு வைக்கிற நீளம் குறையலாம். குறையாமல் இருக்க வேண்டுமானால் முதுகு அந்தப் பாரத்தை ஏற்றுக்கொள்ள வேண்டும்.

அளக்க வந்திருந்தவர் ஓர் இளம்பெண், பிசியோதெரபிஸ்ட். அவர் கையில் பிளாஸ்டிக்கால் ஆன, இரண்டு நீண்ட கைகள் உள்ள பாகைமானி ஒன்று இருந்தது. கோனியோமீட்டர் என்று பெயர். அதன் அச்சைத் தொடையின் வெளிப்பக்கத்தில் தட்டுப்படுகிற எலும்பு மேட்டின் மேல் வைத்து, ஒரு கையை உடம்பின் பக்கவாட்டிலும், மற்றொரு கையைத் தொடையின் போக்கிலும் ஒட்டினால் கோணம் தெரிந்துவிடும். பையனோ பெண்ணோ மேஜையின் விளிம்பில் உட்கார்ந்து, அப்படியே மல்லாந்து, இரண்டு முழங்கால்களையும் நெஞ்சோடு கட்டிக்கொள்ள வேண்டும். பிறகு ஒரு காலை மட்டும் மெல்லக் கீழே தொங்க விடவேண்டும். தொடை மேஜை மட்டத்துக்கு இறங்கினால் சரி. இறங்காமல் அந்தரத்தில் நின்றால், எத்தனை பாகை மேலே நிற்கிறது என்று குறித்துக்கொள்வார்கள்.

"மற்றக் காலை எதற்காகக் கட்டிக்கொள்ளச் சொல்கிறீர்கள்?" என்று நான் அந்தப் பெண்ணைக் கேட்டேன். அதற்கு அவர் சொன்ன பதில்தான் இந்தக் கட்டுரைக்கே வித்து.

இந்தச் சோதனையின் மூலம் விளையாட்டு மைதானத்தில் இல்லை. ஹியூ ஓவன் தாமஸ் என்ற மருத்துவர், வேல்ஸ் நாட்டின் ஆங்கிள்சி தீவில் 1834-ல் பிறந்து, லிவர்பூல் துறைமுகப் பட்டணத்தில் வைத்தியம் செய்தவர். நம் ஊர்க் கட்டு வைத்தியர்களைப்போல் தலைமுறை தலைமுறையாக எலும்பு கட்டிய குடும்பம் அவருடையது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஏழைகளுக்குக் காசு வாங்காமல் பார்த்தார். மூட்டு நோய்களைப் பற்றி 1875-ல் ஒரு நூல் வெளியிட்டார். இடுப்பு மூட்டு நோயால் கால் மடங்கி நின்றுவிட்ட நோயாளியைப் படுக்க வைத்தால், கால் நேராகவே கிடக்கும். குறை எதுவும் தெரியாது. ஏன்? மூட்டு நீள முடியாத அந்தக் குறையை முதுகு வளைந்துகொடுத்து மறைத்துவிடுகிறது. கீழ் முதுகுக்கும் படுக்கைக்கும் நடுவே கையை நுழைக்கும் அளவுக்கு இடைவெளி விழும். அதை யார் குனிந்து பார்க்கிறார்கள்? தாமஸ், நோயில்லாத காலை நெஞ்சோடு மடக்கி, முதுகைப் படுக்கையோடு படுக்கையாகப் பதிய வைத்தார். முதுகின் உதவி நின்றதும் நோயுள்ள கால் தானாக மேலே எழும்பியது. ஒளிந்திருந்தது வெளியே வந்தது.

இதைக் கேட்டதும் எனக்கு எங்கள் வீடு ஞாபகம் வந்தது. நான் சிறுவனாக இருந்த காலத்தில், அப்பாவின் சம்பளம் மாதத்தின் இருபதாம் தேதியோடு நின்றுவிடும். ஆனால் தெருவில் யாருக்கும் அது தெரியாது. விருந்தாளி வந்தால் இலை போடுவோம். பண்டிகை வந்தால் பலகாரம் உண்டு. அம்மா இரவில் சாப்பிட்டாளா என்று நாங்கள் கேட்டதில்லை. வீடு நேராக நின்றது. அம்மாவின் முதுகு வளைந்திருந்தது. அவள் ஒரு மாதம் படுக்கையில் விழுந்தபோதுதான் எங்கள் குடும்பத்தின் உண்மையான கோணம் எங்களுக்கே தெரிந்தது.

நிற்க. அளப்பதைப் பற்றி நண்பருடைய கட்சியை முதலில் சொல்லிவிட வேண்டும். அது லேசில் தள்ளக்கூடியது அல்ல.

"அந்தக் காலத்தில் நாங்கள் கண்ணால் பார்த்துத்தான் பிள்ளைகளைப் பொறுக்கினோம்" என்றார் அவர். "கண் என்ன பார்க்கும் தெரியுமா? சட்டையைப் பார்க்கும். பேச்சைப் பார்க்கும். யார் வீட்டுப் பிள்ளை என்று பார்க்கும். பார்க்கக் கூடாததை எல்லாம் பார்க்கும். இந்தக் கருவிக்கு அதெல்லாம் தெரியாது. ஏழை வீட்டுப் பிள்ளைக்கு இதைவிட நல்ல சாட்சி எங்கே கிடைக்கும்?"

வாஸ்தவம்தான். வாங்குகிற மரக்கால் வேறு, கொடுக்கிற மரக்கால் வேறு என்று இரண்டு வைத்திருந்த மிராசுதார்களின் கதை நம் கிராமங்களில் இன்றும் வழங்குகிறது. பெரிய மனிதனுக்கு அளவு தேவையில்லை. அவன் சொல்வதே அளவு. சரியான அளவுக்காக ஏங்குகிறவன் எளியவன்தான். ஆகவே, "மனிதனை அளக்காதே" என்று வீராப்புப் பேசுவது, பல சமயங்களில், "எனக்கு வேண்டியவனைக் கேட்காமல் விட்டுவிடு" என்பதற்கு மறுபெயர்.

இவ்வளவும் சரி. ஆனால் அந்த அறையில் நடந்ததைக் கேளுங்கள்.

பயிற்சியாளர் ஒரு கோடு போட்டிருந்தார். மேஜை மட்டத்திலிருந்து 8 பாகைக்கு மேல் தொடை எழும்பி நின்றால் இந்தத் தடவை இடமில்லை. ஒரு பையன் வந்தான். முந்திய வருஷம் கல்லூரிக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்தவன். 11 பாகை வந்தது. பயிற்சியாளர் புருவத்தைச் சுளித்தார். "இன்னும் உடம்பு சூடாகவில்லை போல இருக்கிறது. போய் நாலு சுற்று ஓடிவிட்டு வாடா" என்றார். ஓடிவிட்டு வந்தான். 9. "காலைத் தளர்த்தி விடுடா, ஏன் பிடித்துக்கொள்கிறாய்?" மூன்றாம் தடவை 6. குறித்துக்கொண்டார்கள்.

அவனுக்கு நாலு பேர் தள்ளி ஒரு பெண் வந்தாள். தடை தாண்டி ஓடுகிறவள். ஒல்லியான தேகம், பேச்சே இல்லை. 10 பாகை வந்தது. "சரிம்மா, அடுத்தது யார்?" என்றார் பயிற்சியாளர். பட்டியலில் அவள் பெயருக்கு எதிரே ஒரு கோடு விழுந்தது. அந்தப் பெண் எழுந்து, பாவாடையைப்போல் தொளதொளத்த கால்சட்டையைச் சரிசெய்துகொண்டு, "தாங்க்ஸ் சார்" என்று சொன்னாள்.

பயிற்சியாளர் கெட்டவர் அல்ல. அதுதான் இதில் சங்கடம். அவர் யாரிடமும் கை நீட்டியவர் அல்ல. பையன் நமக்கு உறவு என்று செய்தவரும் அல்ல. ஒருவனிடத்தில் அவருக்கு நம்பிக்கை இருந்தது. ஆகவே அவன் விஷயத்தில் அளவு தவறியிருக்கும் என்று தோன்றிற்று. இன்னொருத்தியை அவருக்குத் தெரியாது. ஆகவே அவள் விஷயத்தில் அளவு சரியாகத்தான் இருக்கும் என்று தோன்றிற்று. சலுகையை வாசல் வழியாகத் துரத்தினோம்; அது கொல்லைப்புறமாக வந்து, எத்தனை தடவை அளப்பது என்ற இடத்தில் உட்கார்ந்துகொண்டது. கருவி ஒன்றுதான், மரக்கால் இரண்டாகிவிட்டது.

அந்த இளம்பெண், பிசியோதெரபிஸ்ட், கருவியைக் கீழே வைக்கவில்லை. "ஒரு நிமிஷம் சார்" என்றார். பிறகு மாணவியிடம் திரும்பி, "எங்கேம்மா இருந்து வர்றே?" என்று கேட்டார்.

ஒரு கிராமத்தின் பெயரைச் சொன்னாள். இரண்டு பஸ் மாற வேண்டும். வருவதற்கு இரண்டு மணி நேரம். போவதற்கு இரண்டு மணி நேரம்.

"வீட்டுக்குப் போன பிறகு?"

"அம்மாவுக்குத் தையல் மெஷின் இருக்கு, மேடம். ராத்திரி நான் மிதிச்சுக் கொடுப்பேன்."

அதாவது, பஸ்ஸில் உட்கார்ந்து, வகுப்பில் உட்கார்ந்து, மறுபடி பஸ்ஸில் உட்கார்ந்து, இரவில் தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்து, நாளின் பெரும் பகுதியைத் தொடை மடங்கிய நிலையில் கழிக்கிற பெண். அந்த 10 பாகைக்கு இதுதான் காரணம் என்று நான் சாதிக்க வரவில்லை. இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று அந்த நிபுணரே சொன்னார். அப்படியானால் பாருங்கள்: எந்தப் பஸ் பிரயாணத்திலிருந்து தப்புவதற்காக அவளுக்கு விடுதியில் இடம் வேண்டுமோ, அந்தப் பிரயாணமே அவளுக்கு இடமில்லை என்று சாட்சி சொல்லிவிட்டது!

மறுபடி அளந்தார். 7 வந்தது.

பயிற்சியாளருக்கு முகம் சுருங்கிவிட்டது. "முதலில் வந்ததுதானே அம்மா கணக்கு?" என்றார். அடுத்த கணம், தாம் சொன்னது தம் காதிலேயே விழுந்ததுபோல், தலையைக் குனிந்து பட்டியலைப் பார்த்தார்.

வீடு திரும்பும்போது இந்தப் பாகை விவகாரத்தைப் பற்றி நண்பரிடம் துருவித் துருவிக் கேட்டேன். பிறகு நானாகவும் படித்துப் பார்த்தேன். ஒரே மூட்டை ஒரே காலையில் இரண்டு பேர் அளந்தால் 5 பாகை வரை வித்தியாசப்படுவது சகஜமாம். அது யாருடைய கவனக் குறைவும் அல்ல. தோலுக்கும் தசைக்கும் அடியில் இருக்கும் எலும்பை வெளியே இருந்து தடவி அளக்கிறபோது அவ்வளவு தடுமாற்றம் இருக்கத்தான் செய்யும். அப்படியிருக்க, 8-க்கும் 10-க்கும் நடுவே கோடு போட்டு ஒருத்தியை இந்தப் பக்கமும் ஒருவனை அந்தப் பக்கமும் நிறுத்துவது எப்படி? காற்றில் ஆடுகிற தராசில் குண்டுமணி நிறுத்த கதைதான்.

இன்னொரு விஷயம் என்னை இன்னும் ஆழமாகத் தொட்டது. இரண்டு பேருக்கு ஒரே எண் வரலாம். காரணம் வேறாக இருக்கலாம். ஒருவனுக்குத் தசை இறுகியிருக்கிறது. பொறுமையாகப் பயிற்சி செய்தால் சில மாதங்களில் இளகும். மற்றொருவனுக்கு எலும்பின் அமைப்பே அப்படி. கிண்ணம் சற்று ஆழமாக இருக்கும். அல்லது தொடை எலும்பின் கழுத்து சற்று முறுகியிருக்கும். பிறவியில் வந்தது. அவன் ஆயுள் முழுவதும் காலை இழுத்து நீட்டினாலும் அந்த எலும்பு நகராது. வலுக்கட்டாயமாக நகர்த்தப் பார்த்தால் மூட்டுக்குத்தான் கேடு. தேர்ந்த கைக்கு வித்தியாசம் தெரியுமாம். தசை தடுத்தால், ரப்பரை இழுத்ததுபோல் மெத்தென்று நிற்கும். எலும்பு தடுத்தால், கதவு நிலையில் இடித்ததுபோல் கெட்டியாக நிற்கும். பாகைமானியில் இரண்டும் ஒரே எண்தான். "நீ சோம்பேறி, முயற்சி செய்யவில்லை" என்று நாம் எத்தனை பேரைத் திட்டியிருக்கிறோம்! அவர்களில் எத்தனை பேருக்கு எலும்பு தடுத்ததோ? "இவன் தலையெழுத்து இவ்வளவுதான்" என்று எத்தனை பேரைக் கைவிட்டிருக்கிறோம்! அவர்களில் எத்தனை பேருக்கு வெறும் தசைதான் இறுகியிருந்ததோ?

அளவுகோல் எதைக் கேட்கிறதோ அதற்குத்தான் பதில் வரும் என்பதையும் மறக்கக் கூடாது. காலை நீட்டி உட்கார்ந்து, கையை முன்னே நீட்டி எவ்வளவு தூரம் எட்டுகிறது என்று பார்க்கும் சோதனையை 1952-ல் அமெரிக்காவில் வெல்ஸ், டில்லன் என்ற இரண்டு பெண்மணிகள் வெளியிட்டார்கள். நம் நாட்டுப் பள்ளிப் பிள்ளைகளின் உடல் தகுதித் தேர்விலும் அது இடம்பெற்றிருக்கிறது. எளிய சோதனை, ஒரு பெட்டியும் ஓர் அளவுகோலும் போதும். ஆனால் கை நீளமாகவும் கால் குட்டையாகவும் பிறந்தவன் அதில் சுலபமாக வென்றுவிடுவான். அவரவர் கைக்கு எண்சாண் என்று உடம்பை அளந்த நம் முன்னோர்கள், ஒருவனுடைய சாணால் இன்னொருவனை அளக்கவில்லை என்பதை இங்கே நினைத்துக்கொண்டேன்.

அதே 1950-களில், ஹான்ஸ் கிராஸ் என்ற மருத்துவரும் போனி புருடன் என்ற அம்மையாரும் அமெரிக்கக் குழந்தைகளுக்கு ஆறு சிறு சோதனைகள் வைத்தார்கள். பாதிக்கு மேல் தோற்றார்கள். ஐரோப்பியக் குழந்தைகளில் பத்தில் ஒரு பங்குகூடத் தோற்கவில்லை. 1955-ல் விஷயம் ஜனாதிபதி ஐசனோவருக்குப் போயிற்று; தேசமே திடுக்கிட்டது; 1956-ல் இளைஞர் உடல் தகுதிக்கென்று ஒரு சபை ஏற்பட்டது. ஆறு சோதனைகளில் ஒன்று, முழங்காலை மடக்காமல் குனிந்து தரையைத் தொடுவது. பலர் இடறியது அதில்தான். குனிந்து தரையைத் தொட முடியாத பிள்ளையை உடனே நோஞ்சான் என்று சொல்லிவிடலாமா? நெடுந்தூரம் ஓடுகிறவனுக்கு உடம்பில் சற்று இறுக்கம் இருப்பது நல்லதே என்று சொல்லும் ஆராய்ச்சியாளர்களும் இருக்கிறார்கள். ஆனாலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: அந்த எண்களைப் பார்த்தவர்கள் குழந்தைகளைத் தண்டிக்கவில்லை. "ஏன் இப்படி ஆயிற்று?" என்று கேட்டார்கள். பள்ளியையும் வீட்டையும் விளையாட்டு நேரத்தையும் திரும்பிப் பார்த்தார்கள். அளந்ததன் பயன் அது.

எனக்குப் புரிந்தவரையில் விஷயம் இதுதான். அளவு 'எவ்வளவு' என்று சொல்லும்; 'ஏன்' என்று சொல்லாது. சொல்லவில்லை என்று அதைக் குறை கூறுவது மடமை. பாகைமானிக்கு வாய் கிடையாது. ஆனால் வாய் உள்ள மனிதன், 'எவ்வளவு' என்பது தெரிந்தவுடனே, 'ஏன்' என்று கேட்கிற கடமை தனக்குத் தீர்ந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறான். அநியாயம் அங்கே ஆரம்பமாகிறது. பரீட்சை மார்க்கு, சம்பளம், எடை, வயது என்று நாள்தோறும் எத்தனையோ எண்களை மனிதர்கள்மேல் ஒட்டுகிறோம். ஒட்டட்டும், வேறு வழியில்லை. ஆனால் ஒட்டுகிறவன் இரண்டு காரியம் செய்ய வேண்டும். தனக்கு வேண்டியவனுக்கு எத்தனை தடவை அளந்தானோ, வேண்டாதவனுக்கும் அத்தனை தடவை அளக்க வேண்டும். அளந்து முடித்த பிறகு, கருவியைக் கையில் பிடித்தபடியே, "எங்கேம்மா இருந்து வர்றே?" என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டும்.

இதையெல்லாம் இவ்வளவு அழகாக எழுதுகிற நான் அந்த அறையில் என்ன செய்தேன்? பையனுக்கு மூன்று தடவை அளந்ததைப் பார்த்தேன். பெண்ணுக்கு ஒரே தடவை அளந்ததையும் பார்த்தேன். பார்த்துவிட்டு, 'நாம் விருந்தாளி, நமக்கு ஏன்?' என்று பெஞ்சியில் உட்கார்ந்திருந்தேன். வாய் திறந்தவர் என் வயதில் பாதி இருக்கும் அந்தப் பெண்.

ஒரு வாரம் கழித்து நண்பர் வந்தார். அந்த மாணவிக்கு இடம் கிடைத்ததா என்று கேட்டேன். காத்திருப்போர் பட்டியலில் முதல் பெயராக வைத்திருப்பதாகச் சொன்னார். சிறிது நேரம் பேசாமல் இருந்தார். காப்பி ஆறிக்கொண்டிருந்தது.

"முப்பது வருஷம் இந்த வேலை பார்த்தேன்" என்றார் கடைசியில். "எத்தனை பிள்ளைகளை ஒரே தடவை அளந்து அனுப்பினேனோ, எனக்கு ஞாபகமே இல்லை, சார். கோடு போட்டது மட்டும் கைக்கு ஞாபகம் இருக்கிறது."